கதவு போடுங்கள், எங்களுக்கும் சாவி தாருங்கள்: பழைய சுரங்கங்கள் உள்ள நிலத்தின் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் தம் பட்டா நிலத்தில் பழைய சுரங்க வாய்களும் கைவிடப்பட்ட குவாரிகளும் உள்ள உரிமையாளர்கள்

பார்வைக்கு: மாவட்ட ஆட்சியர்கள், புவியியல் மற்றும் சுரங்கத்துறை அலுவலர்கள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

உங்கள் நிலத்தில் இருக்கும் பழைய சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்க்க அனுமதி கேட்டு இந்த மடலை எழுதுகிறேன். நேரில் வந்து கேட்ட இடங்களில் எங்களுக்குப் பெரும்பாலும் கிடைத்த பதில், "உள்ளே போய் ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு?" என்பதுதான். நியாயமான கேள்வி. வரப்பில் நின்றுகொண்டு ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லி முடிக்கக்கூடிய கேள்வியும் அல்ல. ஆகவே நிதானமாக எழுதுகிறேன். நீங்களும் நிதானமாகப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிட வேண்டும். கயிறு, தலைவிளக்கு, தலைக்கவசத்தோடு நான்கு பேர் வந்து நின்றால் ஊரில் மூன்று விதமாகப் பேச்சு எழுகிறது: புதையல் தேடுகிறார்கள், ஏதோ பூசைக்கு வந்திருக்கிறார்கள், கனிமத்துக்கு மாதிரி எடுத்துக்கொண்டு போய்க் குத்தகைக்கு மனுப் போடுவார்கள். இவற்றில் எதுவும் இல்லை. நாங்கள் உள்ளே போகிறோம், அளக்கிறோம், வரைபடம் போடுகிறோம், படம் எடுக்கிறோம், வெளியே வருகிறோம். ஒரு கல்லைக்கூட எடுப்பதில்லை. எங்களில் நிலவியல் படித்தவர்கள் உண்டு, மலையேறுபவர்கள் உண்டு, சுரங்கத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகளும் உண்டு.

இந்த மூன்றாவது வகையில் நானும் ஒருவன் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல விரும்புகிறேன். கோலார் தங்கவயலை வட ஆற்காட்டுக்காரர்களின் உழைப்பு இல்லாமல் நினைத்துப் பார்க்கவே முடியாது. 1880-ல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே வேலையைத் தொடங்கியதிலிருந்து, 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டது வரை, இந்தப் பகுதியின் வறண்ட கிராமங்களிலிருந்து தலைமுறை தலைமுறையாக மக்கள் அங்கே போனார்கள். நிலம் இல்லாதவர்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குப் போனது. ஆழத்தின் அழுத்தத்தில் பாறை வெடித்துச் சிதறிச் செத்தவர்கள் உண்டு. கல்தூசியில் நுரையீரல் கெட்டு, ஊர் திரும்பித் திண்ணையில் இருமியபடி நாள் கழித்தவர்கள் உண்டு. 1965-ல், விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களிலிருந்து பிறக்கும் நியூட்ரினோ என்ற நுண்துகள்களை விஞ்ஞானிகள் பதிவு செய்ததும் தங்கவயலின் ஆழத்தில்தான். அவர்கள் கருவிகளை வைக்க இடம் கிடைத்தது எங்கள் முன்னோர் குடைந்த பாறையில். இன்று இறைப்பு இயந்திரங்கள் நின்று, அந்தச் சுரங்கங்களில் தண்ணீர் ஏறிவிட்டது. பேரன் பார்ப்பதற்கு அங்கே சயனைடு மேடுகள்தான், அதாவது தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவுமண் குன்றுகள்தான் இருக்கின்றன. தாத்தா என்ன வேலை செய்தார், எப்படிப்பட்ட இருட்டில் செய்தார் என்பதை அறிய விரும்புகிறவனுக்கு மிஞ்சியிருப்பவை, ஊர்ப்பக்கம் யாருடைய நிலத்திலோ கிடக்கும் இந்தச் சிறிய குடைவுகள்தாம்.

நம் மாவட்டங்களில் ஆழ்சுரங்கங்கள் அதிகம் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆலங்காயம் பக்கம் பேரைட் கனிமம், திருப்பத்தூர் பக்கம் சேவாத்தூரில் வெர்மிகுலைட் கனிமம், எங்கு பார்த்தாலும் கருங்கல், கிரானைட் குவாரிகள் என்று பெரும்பாலும் திறந்த குழிகளே. எல்லையைத் தாண்டினால் குப்பம் அருகே சிகர்குண்டா, பிசாநத்தம் தங்கச் சுரங்கங்கள். 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை வட ஆற்காடு அந்தத் திசையில் வெகுதூரம் நீண்டிருந்தது. மாவட்டக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் பாறை ஒன்றுதான். அரசு நிறுவனங்களின் கையிலோ நடப்புக் குத்தகையிலோ இருக்கும் இடங்களைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. வேலை நடக்கும் சுரங்கத்தின் பக்கமே நாங்கள் வருவதில்லை. நான் கேட்பது, மலைச்சரிவில் கிடையாகக் குடைந்து, பாறைக்குள் ஓடும் கனிமப் பட்டை தீர்ந்ததும் விட்டுவிட்டுப் போன வாய்களையும், பெரிய குழிகளின் அடியில் பக்கவாட்டில் உள்ளே ஓடும் குடைவுகளையும்தான். உளி பட்ட தடம், துளையிட்ட வரிசை, விளக்குக் கரி படிந்த மாடம் என்று அவற்றில் படிக்க எவ்வளவோ இருக்கிறது. எந்த ஆவணத்திலும் பெயர் ஏறாத கூலிக்காரர்களின் கைவேலை அது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

உங்கள் அச்சத்தின் வேர் எனக்குப் புரிகிறது. குழியைத் தோண்டியது நீங்கள் அல்ல. குத்தகைக்காரர் வந்தார், எடுத்தார், போய்விட்டார். சுரங்கத்தைக் கைவிடும்போது அதன் வாய்களை வேலியிட்டு அடைப்பது சுரங்கத்தை நடத்தியவரின் கடமை என்று 1961-ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. சுரங்கத்தை எப்படி மூடுவது என்ற திட்டத்தை முன்கூட்டியே தர வேண்டும் என்ற விதி 2003-ல்தான் வந்தது. அதற்கு முன்பே கைவிடப்பட்டவற்றுக்கு அதுவும் இல்லை. ஆக, லாபம் ஒருவருக்குப் போனது, ஓட்டை உங்கள் சர்வே எண்ணில் நின்றுவிட்டது. நாளை அதில் ஒருவர் விழுந்து இறந்தால், அலட்சியத்தால் மரணம் என்று முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவிலும் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவிலும் வரும் வழக்கில் தங்கள் பெயர் சேர்ந்துவிடுமோ என்று பயப்படுகிறீர்கள். போலீஸ் நிலையத்துக்கு ஒருமுறை நடந்தவர்களுக்கு அந்தப் பயத்தின் எடை தெரியும். அதை அற்பமாக நினைக்க எனக்கு உரிமை இல்லை.

ஆனால் இதே பயத்தை மற்ற நாடுகளில் எப்படிக் கையாண்டார்கள் என்று பாருங்கள். பிரிட்டனில் ஈயம், தகரம், ஸ்லேட் எடுத்துவிட்டு விட்ட சுரங்கங்கள் பலவும் தனியார் நிலத்தில்தான் இருக்கின்றன. அங்கே நில உரிமையாளரின் பொறுப்பை 1957, 1984 ஆகிய ஆண்டுகளில் வந்த இரண்டு சட்டங்கள் வரையறுக்கின்றன. தெரிந்தே, விரும்பியே ஓர் ஆபத்தை ஏற்றுக்கொண்டவருக்கு அந்த ஆபத்துக்காக உரிமையாளர் பொறுப்பாக மாட்டார் என்பது அவற்றின் உள்ளே இருக்கும் கொள்கை. 2003-ல், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபைக்கு ஒரு வழக்கு வந்தது. பழைய மணல் குவாரியில் தேங்கிய ஏரியில் பாய்ந்து கழுத்து முறிந்த இளைஞர் ஒருவர் நஷ்டஈடு கேட்டார். கண்ணுக்குத் தெரியும் ஆபத்தில் வயது வந்த ஒருவர் தானாக இறங்கினால், அவரைத் தடுத்துக் காப்பது நில நிர்வாகியின் கடமை ஆகாது என்று தீர்ப்பானது. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில், கட்டணம் வாங்காமல் தன் நிலத்தைப் பொழுதுபோக்குக்குத் திறந்துவிடும் உரிமையாளருக்குத் தனிச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது; பொதுவாக, ஆபத்தைப் பற்றி வேண்டுமென்றே எச்சரிக்காமல் விட்டால்தான் அவர் மாட்டுவார்.

நம்மிடம் அப்படி ஒரு சட்டம் இல்லை. இல்லாததை இருப்பதாகச் சொல்லி உங்களிடம் கையெழுத்து வாங்க நான் வரவில்லை. எழுத்து மூலமான ஒப்பந்தம் எல்லா வழக்கையும் தடுத்துவிடாது. அலட்சிய மரணம் என்ற குற்ற வழக்கை எந்தக் காகிதமும் முழுமையாகத் தடுக்காது. ஆனால் அலட்சியம் என்ற சொல்லுக்கு எதிராக உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். இன்று எதுவும் இல்லை. குழி இருப்பது உங்களுக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும், வேலி இல்லை, கதவு இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. கதவு போட்டு, எச்சரிக்கைப் பலகை வைத்து, யார் எப்போது போனார்கள் என்ற பதிவேட்டோடும், தகுதியானவர்கள் வரைந்த வரைபடத்தோடும் இருக்கும் உரிமையாளரை அலட்சியக்காரர் என்று நிரூபிப்பது எளிதல்ல. நான் வழக்கறிஞன் அல்லன். உங்கள் வழக்கறிஞரிடம் இந்தப் பத்தியைக் காட்டிக் கேளுங்கள். அவர் மாற்றச் சொல்வதை மாற்றிக்கொள்ள நாங்கள் தயார்.

ஆபத்தைப் பற்றி நாங்கள் விவரம் தெரியாமல் பேசவில்லை. பழைய சுரங்கத்தில் பாறை சரிந்து விழுவதைவிட எனக்குப் பெரிய பயம் காற்று. கிணற்றில் தூர்வார இறங்கிய ஒருவர் மயங்கி விழ, அவரைக் காப்பாற்ற இறங்கியவரும் இறந்தார் என்ற செய்தியை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அதே காற்றுதான் சுரங்கத்தின் தாழ்ந்த மூலைகளிலும் தேங்குகிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 சதவீதம். சுரங்கக் காற்றில் அது 19 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது நம் நாட்டு விதி. விளக்கை இறக்கிப் பார்க்கும் பழக்கம் நம் பெரியவர்களுடையது, நல்ல பழக்கம். ஆனால் ஆக்சிஜன் 17 சதவீதம் அளவுக்கு இறங்கிய பிறகே சுடர் அணையும், நச்சு வாயு இருந்தால் அது காட்டிக்கொடுக்கவும் செய்யாது. ஆகவே காற்றிலுள்ள வாயுக்களை அளக்கும் மானி இல்லாமல் நாங்கள் ஓர் அடிகூட உள்ளே வைப்பதில்லை. அது ஒலித்தால் திரும்பிவிடுவோம். அதற்குமேல் விவாதம் கிடையாது.

அடுத்தது தரை. உள்ளே நடக்கும்போது காலுக்குக் கீழே பாறை என்று நினைப்பது மரப்பலகையாக இருக்கலாம், அதன்மேல் மண் மூடியிருக்கலாம், பலகைக்கு அடியில் அறுபது அடிக் குழி இருக்கலாம். தெளிந்து நிற்கும் தண்ணீரும் அப்படித்தான். முழங்கால் ஆழம் போலத் தோன்றுவது செங்குத்துக் குழியின் வாயாக இருக்கும். மூன்றாவது, விட்டுப்போன தோட்டாக்களும் டெட்டனேட்டர்களும். பழைய ஜெலட்டின் குச்சியில் எண்ணெய் போல வேர்த்திருந்தால் அதன் அருகே நிற்பதே தவறு. தொடாமல் வெளியே வந்து உங்களிடமும் காவல் துறையிடமும் சொல்வோம். இப்போது உங்கள் குழியில் அப்படி ஏதாவது இருந்தால், அதை முதலில் கண்டுபிடிக்கப் போவது யார்? விடுமுறையில் உள்ளே நுழையும் பள்ளிப் பையன்.

இதுதான் நான் மன்றாடிச் சொல்ல வந்த இடம். யாரையும் விட மாட்டேன் என்று நீங்கள் சொல்லும்போது, கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் மட்டுமே நிற்கிறார்கள். கேட்காமல் போகிறவர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். கோடை விடுமுறையில் குவாரித் தண்ணீரில் குளிக்கப் போகும் பிள்ளைகள் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. இரவில் பாட்டிலோடு போகிறவர்கள் கேட்பதில்லை. கழிவைக் கொட்ட லாரியோடு வருகிறவர் கேட்பதில்லை. தோல் தொழிலின் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்யும் என்பதை ராணிப்பேட்டைக்கும் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாறைப் பிளவுகளோடு கூடிய கைவிட்ட குழி, கொட்டப்படும் எதையும் நேரே ஊற்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழி. ஆண்டுக்கு ஓரிரு முறை அந்தக் குழிக்குள் விளக்கோடு இறங்கி, சென்ற ஆண்டு எடுத்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் இருந்தால், முதல் லாரியிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

"அப்படியானால் மண்ணைத் தள்ளி மூடிவிடுகிறேன்" என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். சில இடங்களில் அதுவே சரி. வீட்டுக்கும் பள்ளிக்கும் பக்கத்தில் வாய் பிளந்து நிற்கும் செங்குத்துக் குழியை மூடத்தான் வேண்டும். அங்கே நாங்கள் குறுக்கே நிற்க மாட்டோம். ஆனால் மலைக்குள் குடைந்த வாயை அளக்காமல் மூடினால் பின்னால் தண்ணீர் சேர்கிறது. சேர்ந்த தண்ணீர் எந்த மழைக்காலத்தில் எந்தப் பக்கம் உடைத்துக்கொண்டு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் வௌவால்களும் உயிரோடு அடைபடுகின்றன. கோலார் மாவட்டத்தின் ஹனுமனஹள்ளியில் ஒரே ஒரு குகையில் மட்டும் இலைமூக்கு வௌவால் இனம் ஒன்று இருக்கிறது. உலகில் வேறு எங்கும் இப்போது அது இருப்பதாக அறியப்படவில்லை. அதன் வாசலுக்கே கிரானைட் குவாரி வந்துவிட்டது. இங்கிருந்து அதிக தூரமில்லை அந்த ஊர். நம் குடைவுகளில் என்னென்ன தங்கியிருக்கின்றன என்று எண்ணிப் பார்க்காமலே மூடிவிடுவது எனக்கு வலிக்கிறது.

சுவருக்குப் பதில் கம்பிக் கதவு போடுங்கள். கிடைக்கம்பிகள், ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் இடைவெளி. வௌவால் பறந்து போகும், காற்று ஓடும், தண்ணீர் வடியும். ஆள் நுழைய முடியாது. பல நாடுகளில் சோதித்துத் தேர்ந்த அமைப்பு இது. உள்ளூர் வெல்டிங் பட்டறையிலேயே செய்துவிடலாம். இரும்புச் செலவில் பங்கு தர நாங்கள் முன்வருகிறோம்.

சாவி உங்களிடம் இருக்கட்டும். ஒரு பிரதி, நீங்கள் அடையாளச் சான்று பார்த்து ஒப்புக்கொண்ட ஒருவரிடம் மட்டும். வருவதற்கு முன் தேதியைச் சொல்லி உங்கள் ஒப்புதல் வாங்குவோம். நான்கு பேருக்குக் குறைந்து உள்ளே போக மாட்டோம். ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் அவருடன் இருக்க, இருவர் உதவிக்கு வெளியே வர வேண்டும் என்பதற்காக. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களை அழைத்து வர மாட்டோம். ஆளுக்கு மூன்று விளக்கு. வெளியே ஒருவர் நேரத்தைக் குறித்துக்கொண்டு இருப்பார். சொன்ன நேரத்துக்குள் நாங்கள் வராவிட்டால் யாரை அழைப்பது என்ற எண்கள் அவரிடம் இருக்கும். மழைக்காலத்திலும், வௌவால்கள் குட்டி போடும் பருவத்திலும் வர மாட்டோம். பயிர் நிற்கும்போது வயலில் கால் வைக்க மாட்டோம். சொந்த ஆபத்தில் போகிறோம் என்று ஒவ்வொருவரும் முத்திரைத்தாளில் எழுதித் தருவோம், விபத்துக் காப்பீட்டின் நகலையும் தருவோம். வரைபடம் முதலில் உங்கள் கைக்கு வரும். இடத்தின் அடையாளத்தை உங்கள் ஒப்புதல் இல்லாமல் எங்கும் வெளியிட மாட்டோம். படத்தைப் பார்த்துவிட்டு நாளை நூறு பேர் உங்கள் வரப்பில் வந்து நிற்கக் கூடாது அல்லவா? ஒரு விதியை மீறினாலும் பூட்டை மாற்றிவிடுங்கள்.

இப்படி நம்பிக்கையின் பேரில் நடப்பது இந்தியாவுக்குப் புதிதும் அல்ல. மேகாலயாவில் குகை இருக்கும் நிலங்கள் குடும்பங்களுக்கும் குலங்களுக்கும் ஊர்களுக்கும் சொந்தமானவை. 1990-களிலிருந்து அங்கே குகைகளை அளந்து வருகிறவர்கள் ஊர்த் தலைவரைப் பார்த்துச் சம்மதம் வாங்கிய பிறகே இறங்குகிறார்கள். பல நூறு கிலோமீட்டர் நீளத்துக்குக் குகைகள் வரைபடமானது அந்தச் சம்மதத்தால்தான்.

மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். 2019 அக்டோபரில் நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த குழந்தையை இழந்த பிறகு, பயன்படாத ஆழ்துளைக் கிணறுகளைத் தேடித் தேடி மூடினோம். கைவிட்ட சுரங்கக் குழிகளுக்கு அப்படி ஒரு தேடல் ஒரு உயிர் போன பிறகுதான் வர வேண்டுமா? கிராம நிர்வாக அலுவலர்களைக் கொண்டு சர்வே எண் வாரியாக ஒரு பட்டியல் எடுங்கள். பிரிட்டனில் 1872 முதல் கைவிடப்படும் சுரங்கத்தின் வரைபடத்தை அரசிடம் ஒப்படைத்தாக வேண்டும். இங்கே பழைய குடைவுகளுக்கு வரைபடமே இல்லாதபோது, அதைச் சம்பளம் இல்லாமல் வரைந்து தர நாங்கள் இருக்கிறோம். தேசிய பேரிடர் மீட்புப் படையின் நான்காவது படைப்பிரிவு நம் அரக்கோணத்திலேயே இருக்கிறது. அளந்து முடித்த ஒரு குடைவில் அவர்களும் தீயணைப்புத் துறையினரும் மீட்புப் பயிற்சி செய்து பார்க்க நில உரிமையாளர் இசைந்தால், இந்த வட்டாரத்தில் கிணற்றில் சிக்குகிறவர்களுக்கும் அந்தப் பயிற்சி உதவும். உரிமையாளரைப் பாதுகாக்கும் சட்டம் சட்டமன்றத்தில் வர வேண்டிய ஒன்று. அதுவரை, உரிமையாளரும் குழுவும் கையெழுத்திடும் ஒப்பந்தத்துக்கு ஒரு மாதிரிப் படிவத்தையாவது ஆட்சியர் அலுவலகம் தயாரித்துத் தரலாம்.

ஐயா, அம்மா, எடுத்த எடுப்பில் உங்களிடம் சாவி கேட்கவில்லை. தை, மாசியில் தரை காய்ந்திருக்கும். உங்களுக்கு வசதியான ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறோம். அன்று உள்ளே இறங்க மாட்டோம். வாயிலில் காற்றை அளந்து காட்டுகிறோம், கதவுக்கு அளவு எடுக்கிறோம், ஒப்பந்த வரைவை உங்கள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்புகிறோம். வீட்டில் கலந்து பேசுங்கள், வழக்கறிஞரைக் கேளுங்கள். முடியாது என்று சொன்னால் அந்த நிலத்தில் நாங்கள் கால் வைக்க மாட்டோம். அப்போதும் எடுத்த அளவு உங்களுடையது, அந்தக் கதவை மட்டும் அடுத்த கோடை விடுமுறைக்குள் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
குடியாத்தம் பகுதியிலிருந்து,
கோலார் தங்கவயல் தொழிலாளி ஒருவரின் பேரன்